“ஃப்ரீயா பாலிஷ் போட்டுத் தர்றோம் சார்”: புது காரின் பெயின்ட்டை டீலர் கெடுத்திருந்தால் என்ன செய்வது?

கேள்வி சுருக்கமாக இது. வேளச்சேரிக்காரர் ஒருவர் ஜி.எஸ்.டி. சாலையில் உள்ள ஷோரூம் ஒன்றில் 13 லட்ச ரூபாய்க்குக் கருப்பு கார் எடுத்திருக்கிறார். டெலிவரி சாயங்காலம் ஏழு மணிக்கு, ஷோரூம் விளக்கு வெளிச்சத்தில். மறுநாள் காலை வெயிலில் பார்த்தால் பானெட்டிலும் கூரையிலும் சிலந்திவலை போல வட்ட வட்டமாகக் கோடுகள். இடது பின்கதவு மட்டும் பக்கத்துப் பேனலைவிட ஒரு சாயல் மங்கல். கேட்டதற்கு, “அது வாஷிங் மார்க்குதான் சார். ஒருநாள் வண்டிய விடுங்க, ஃப்ரீயா பஃபிங் பண்ணி டெஃப்லான் போட்டுத் தர்றோம்” என்று பதில். விடலாமா?

விடாதீர்கள். கோடு போட்ட அதே கை, அதே மெஷினோடுதான் திரும்ப வரும். அவர்கள் தேய்த்து எடுக்கும் பெயின்ட் திரும்பி வராது. அதைவிட முக்கியம், வண்டி எந்த நிலையில் உங்கள் கைக்கு வந்தது என்பதற்கான சாட்சியம் அந்த ஒருநாளில் காணாமல் போகும். மேலும் உங்களுக்கு இருப்பது ஒரு பிரச்சினை அல்ல, இரண்டு. பானெட் கோடுகள் சின்ன விஷயம், சரியான ஆள் கிடைத்தால் போய்விடும். கதவு பெரிய விஷயம். டீலர் கோடுகளைப் பற்றியே பேசிக் கதவைப் பேச்சிலிருந்து நழுவவிடப் பார்ப்பார், கவனமாக இருங்கள்.

முதலில் பெயின்ட் எவ்வளவு மெல்லிசு என்பது மனசில் பதிய வேண்டும். தகட்டின்மேல் துருத் தடுப்புக்கான இ-கோட் சுமார் 20 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதன்மேல் பிரைமர் 30 சொச்சம், நிறம் தரும் பேஸ் கோட் 15 சுற்றுவட்டாரம், கடைசியாகப் பளபளப்புக்கும் பாதுகாப்புக்குமான கிளியர் கோட் 35 முதல் 50 வரை. எல்லாம் சேர்த்து 90-இலிருந்து 140 மைக்ரானுக்குள் அடங்கிவிடும். ஒரு தலைமுடி ஏறக்குறைய 70 மைக்ரான். அதாவது உங்கள் காரின் மொத்தப் பெயின்ட்டும் இரண்டு முடித் தடிமன்கூட இல்லை, கிளியர் என்பது அரை முடி. வெயிலின் புறஊதாக் கதிரைத் தாங்குவது இந்தக் கிளியர்தான். வண்டியின் ஆயுள் முழுக்கச் சேர்த்துப் பார்த்தாலும் அதில் 8, 10 மைக்ரானுக்கு மேல் எடுப்பது ஆபத்து. நல்ல பாலிஷ் ஒன்றுக்கு 1 மைக்ரானுக்குள் முடிந்துவிடும். கட்டிங் காம்பவுண்ட் (சொரசொரப்பான தேய்ப்புப் பசை) வைத்துக் கம்பளி பேடில் அழுத்தினால் சுமார் 3, 4 மைக்ரான் போகும். ‘ஃப்ரீ பாலிஷ்’ இரண்டு தடவை என்றால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

இந்தச் சேதம் எங்கே நடக்கிறது? பெரும்பாலும் தொழிற்சாலையில் அல்ல. அங்கிருந்து வரும் வண்டி ட்ரெய்லரில் ஏறி இறங்கி, ஸ்டாக்யார்டில் வெட்டவெளியில் வாரக்கணக்கில் தூசியும் பறவை எச்சமும் வாங்கி நிற்கும். டெலிவரி நாள் குறித்ததும் அவசரக் கழுவல். ஒரே பக்கெட் தண்ணீர், அதே ஸ்பாஞ்ச் டயருக்கும் பானெட்டுக்கும். பிறகு மஞ்சள் துணியால் துடைப்பு. தண்ணீர் பெரும்பாலும் போர் தண்ணீர். சென்னையின் பல பகுதிகளில் டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவு) 1000-ஐத் தாண்டும். வெயிலில் சூடேறிய பானெட்டில் அது காய்ந்தால் சுண்ணாம்பு வளையம் வளையமாக உட்காரும். அதை எடுக்க ரப்பிங் காம்பவுண்ட், அதன்மேல் ரோட்டரி மெஷின், அதாவது ஒரே அச்சில் வேகமாகச் சுழலும் பாலிஷ் மெஷின். ஒட்டியிருந்த பாதுகாப்பு ஃபிலிமின் பசையை எடுக்கத் தின்னர் அல்லது பெட்ரோல். அப்புறம் ஆக்சசரி ஃபிட்டிங்: மட்ஃபிளாப், சைடு மோல்டிங், டோர் வைசர். மட்ஃபிளாப்புக்கு ஃபெண்டர் ஓரத்தில் டிரில் போட்டால் இ-கோட்வரை துளை விழும், கடலோர ஊரில் துரு அங்கிருந்துதான் ஆரம்பிக்கும்.

கடைசியில் டெலிவரி ‘செரிமனி’. தூசி படிந்த வெல்வெட் கவரை பானெட்டின்மேல் இழுத்துத் திறப்பது, பூமாலைக்குள் இருக்கும் கம்பி, டேப் போட்டு ஒட்டிய சிவப்பு ரிப்பன். பூஜைக்கு வைக்கும் சந்தனம் காய்ந்ததும் மணல் மாதிரிதான், அதைத் துணியால் தேய்த்தால் கோடு விழுவது உறுதி. பொட்டைக் கண்ணாடியில் வைக்கச் சொல்லுங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. வண்டியை நிழலில், பேனல் கைக்குச் சூடாக இல்லாதபோது, கார் ஷாம்பூ போட்டு இரண்டு பக்கெட் முறையில் கழுவுங்கள். ஒன்றில் ஷாம்பூ, மற்றதில் கழுவும் கையுறையை (மிட்) அலசச் சுத்தமான தண்ணீர். பாத்திரம் தேய்க்கும் லிக்விட் வேண்டாம். காயவைத்த பின், ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை ஒரு பங்குக்கு நான்கு பங்கு டிஸ்டில்டு வாட்டர் கலந்து, பானெட்டில் ஒன்றரை அடிச் சதுரத்தில் ஸ்ப்ரே செய்து மைக்ரோஃபைபரால் மெதுவாகத் துடையுங்கள். ஷோரூம்களில் போடும் ‘டெஃப்லான்’, கிளேஸ் எல்லாம் பெரும்பாலும் கோடுகளை நிரப்பி மறைக்கும் எண்ணெய்தான். ஆல்கஹால் அதை எடுத்துவிட்டு உண்மையைக் காட்டும். துடைத்த சதுரத்தில் கோடுகள் அதிகமாகத் தெரிந்தால், யாரோ அதை மூடி வைத்திருந்தார்கள் என்று அர்த்தம். துடைப்பதற்கு முன்னும் பின்னும் நிறுத்தாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். சந்தேகப்படும் கதவில் மட்டும் இந்தச் சோதனை வேண்டாம். சமீபத்தில் அடித்த பெயின்ட் என்றால் ஆல்கஹால் அதை இளக்கிவிடும், பழி உங்கள்மேல் வரும்.

பார்க்கும் வெளிச்சம் நேர் வெயில், காலை எட்டு ஒன்பது மணி அல்லது மாலை நான்கு மணிச் சாய்ந்த வெயில். அபார்ட்மென்ட் பேஸ்மென்ட் என்றால் ஒற்றைப் புள்ளியாக எரியும் எல்.இ.டி. டார்ச், ஓர் அடி தூரத்தில். குழல் விளக்கில் எந்தப் பெயின்ட்டும் அழகுதான்.

இங்கே ஒரு நுணுக்கம், இதுதான் உங்கள் வாதத்தின் உயிர். டார்ச் வெளிச்சத்தைச் சுற்றி மட்டும் வட்டமாகத் தெரிந்து, டார்ச்சை நகர்த்தினால் வட்டமும் கூடவே நகர்ந்தால் அது கழுவல், துடைப்பால் வந்த கோடு. உண்மையில் அவை வட்டமே அல்ல. எல்லாத் திசையிலும் ஓடும் பொடிக் கீறல்களில், விளக்கைச் சுற்றி அமைந்தவை மட்டும் ஒளியைத் திருப்பி அனுப்புவதால் கண்ணுக்கு வட்டமாகத் தெரிகிறது. இப்படி இல்லாமல், பட்டை பட்டையாக, நீங்கள் நடக்க நடக்க எழுந்து படுக்கும் நிழல்போலத் தெரிந்தால் அது ஹாலோகிராம். ரோட்டரி மெஷின் போன பாதை அது, துணியால் அப்படி வராது. வண்டி டெலிவரிக்கு முன்பே பஃபிங் செய்யப்பட்டிருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி, ‘வாஷிங் மார்க்’ கதை அங்கேயே உடைந்துவிடும். கூடவே பேட்ஜ் எழுத்துகளின் இடுக்கு, வைப்பருக்குக் கீழுள்ள கருப்பு பிளாஸ்டிக், கதவு ரப்பர் ஓரம் ஆகியவற்றில் வெள்ளையாகக் காய்ந்த தூள் இருக்கிறதா பாருங்கள். காம்பவுண்ட் மிச்சம் அது. இதை மட்டும் மேலே சொன்ன கழுவலுக்கு முன்பே பார்த்துக் குளோஸ்-அப்பில் படம் எடுங்கள்.

கதவுக்கு வருவோம். இதற்குக் கண் போதாது, பெயின்ட் தடிமனை அளக்கும் கேஜ் வேண்டும். சில ஆயிரம் ரூபாய்க்கு ஆன்லைனில் கிடைக்கும். வாங்க வேண்டாம் என்றால் பெயின்ட் பராமரிப்பு வேலை செய்யும் நல்ல டீடெய்லிங் ஸ்டூடியோவிலோ, பழைய கார் பரிசோதிப்பவர்களிடமோ இருக்கும். கூடவே தரும் வெறும் இரும்புத் தகட்டில் சுழியம் காட்டுகிறதா, அளவு ஃபிலிம் வைத்தால் எழுதியிருக்கும் எண்ணைக் காட்டுகிறதா என்று முதலில் சரிபாருங்கள். பிறகு கூரையில் ஐந்து இடம். கூரைக்குப் பொதுவாக யாரும் மறுபடி பெயின்ட் அடித்திருக்க மாட்டார்கள், எனவே அதுவே உங்கள் அடிப்படை எண். அடுத்து வலது பின்கதவில் ஆறு இடம், கடைசியில் இடது பின்கதவில் அதே ஆறு இடம். கூரை 98, 104, 101, வலது கதவு 105, 110, 108 என்று வந்து, இடது கதவு 215, 240, 228 என்று வந்தால் அது மறுபடி அடித்த கதவு. ஒரு இடத்தில் மட்டும் 500, 700 என்று குதித்தால் உள்ளே பள்ளத்தை நிரப்பும் பட்டி இருக்கிறது, அங்கே ஒரு டென்ட், அதாவது நசுங்கல், இருந்திருக்கிறது. மாறாக எல்லா இடத்திலும் 110-க்குள் இருந்தும் மங்கலாக இருந்தால் அது பெயின்ட் அடித்தது அல்ல, அதிகம் தேய்த்தது. கேஜ் மொத்தத் தடிமனைத்தான் சொல்லும், கிளியர் எவ்வளவு மிச்சம் என்று சொல்லாது என்பதையும் மறக்க வேண்டாம்.

பம்பரில் இந்த கேஜ் வேலை செய்யாது, பிளாஸ்டிக். பம்பர் நிறமும் ஃபெண்டர் நிறமும் லேசாக வேறுபடுவதை வைத்து டீலரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். பம்பர் தனியாக, குறைந்த சூட்டில் பெயின்ட் செய்யப்படுவதால் மெட்டாலிக் நிறங்களில் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே அந்த வித்தியாசம் இருக்கக்கூடும். பலவீனமான ஒரு புகாரைச் சேர்த்தால் வலுவான புகாரும் சேர்ந்து அடிபடும்.

கேஜ் எண்ணோடு கண்ணால் பார்க்கும் அடையாளங்களையும் சேருங்கள். பின்கதவைத் திறந்து ஓர ரப்பர் பீடிங்கை விரலால் லேசாகத் தூக்குங்கள். அதன் அடியில் நகத்துக்குத் தட்டுப்படும் ஒரு மேடு, ஒரு கோடு இருந்தால் அது பெயின்ட் அடிக்கும்போது மற்ற இடத்தை மறைக்க மாஸ்கிங் டேப் ஒட்டிய விளிம்பு. கண்ணாடிக்கு அடியில் உள்ள கருப்பு ரப்பரைத் தடவிப் பாருங்கள். மணல் தடவியதுபோல் சொரசொரப்பாக இருந்தால் ஓவர்ஸ்ப்ரே, அதாவது அடிக்கும்போது சிதறி ஒட்டிய பெயின்ட். கீல் போல்ட்டின் தலையில் பெயின்ட் உடைந்திருக்கிறதா, மறுபக்கக் கதவில் இருக்கும் சைல்ட் லாக் ஸ்டிக்கர் இங்கே இருக்கிறதா பாருங்கள். சாய்வாகப் பார்த்தால் ஆரஞ்சுத் தோல் போன்ற மேடுபள்ளம் எல்லாப் பேனலிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். இந்தக் கதவில் மட்டும் அது பெரிதாகவோ, அறவே இல்லாமலோ இருந்தால், கிளியருக்கு அடியில் நேர்க்கோட்டில் உப்புத்தாள் கீறல் தெரிந்தால், முடிவு செய்துகொள்ளலாம்.

டீலர் இதற்கு ஒரு பதில் வைத்திருப்பார்: “ஃபேக்டரியிலேயே லைன்ல டச்சப் பண்ணியிருப்பாங்க சார்.” முழுப் பொய் அல்ல, தொழிற்சாலையிலும் ரீவொர்க் உண்டு. ஆனால் வெறும் பாடியாக இருக்கும்போது ரீவொர்க் செய்த கதவில் ரப்பருக்கு மாஸ்கிங் தேவையில்லை, ரப்பரே அப்போது இருக்காது. ரப்பரில் ஓவர்ஸ்ப்ரே இருந்தால் வண்டி முழுசாகக் கூடிய பிறகு அடித்தது. யார் அடித்தது என்பது அவர்களுக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டிய விவகாரம், உங்களிடம் சொல்லாமல் விற்றது டீலர்.

மறுபடி அடித்தால் என்ன, நன்றாகத்தானே இருக்கிறது என்று கேட்பார்கள். தொழிற்சாலையில் கிளியர் சுமார் 140 டிகிரியில் வேகிறது, இ-கோட் அதற்கும் மேல். வயரிங், பிளாஸ்டிக் எல்லாம் பூட்டிய வண்டியில் அந்தச் சூடு கொடுக்க முடியாது. ஒர்க்‌ஷாப் பூத்தில் 60 டிகிரி, அரைமணி நேரம், அவ்வளவுதான். அந்தப் பெயின்ட் ஹார்டனரோடு வினைபுரிந்து வாரக்கணக்கில் மெல்ல இறுகும். நல்ல பெயின்டர், நல்ல பூத் என்றால் பல வருடம் நிற்கும். தகரக் கொட்டகையில் ஐப்பசி மழை ஈரத்தில் அடித்தால் முதலில் மங்கும், பிறகு பொட்டுப் பொட்டாகக் கொப்புளிக்கும். இதோடு விற்கும்போது வரும் அடி வேறு: பழைய கார் வாங்குபவர்கள் இப்போது கேஜோடுதான் வருகிறார்கள். கதவு 230 காட்டினால் ‘ஆக்சிடென்ட் வண்டி’ என்று விலையைக் குறைப்பார்கள், பட்டி இருந்தால் இன்னும் குறைப்பார்கள்.

எது சரியாகும், எது ஆகாது? நகத்தைக் குறுக்கே ஓட்டினால் தட்டாத கீறல், தண்ணீர் தெளித்தால் மறைகிற கீறல் ஆகியவை கிளியரோடு முடிந்தவை, பாலிஷில் போகும். நகம் தட்டினால் பாலிஷ் போட்டு அழிக்கப் பார்க்கக் கூடாது, டச்சப்தான். போர் தண்ணீர் வட்டம் புதிதென்றால் வெள்ளை வினிகரும் டிஸ்டில்டு வாட்டரும் சம அளவு கலந்து ஒரு நிமிடம் ஊறவைத்து அலசினால் போய்விடும். கிளியரைத் தின்றுவிட்ட பறவை எச்சக் குழி போகாது. வெள்ளைக் காரில் ஆரஞ்சுப் புள்ளிகள் இருந்தால் இரும்புத் துகள். ஐயர்ன் ரிமூவர் அடித்தால் ஊதா நிறமாகக் கரைந்து வழியும், அதற்கு மெஷின் தேவையே இல்லை. விளிம்பிலும் பாடி லைன் மடிப்பிலும் கிளியர் தேய்ந்து பேஸ் கோட் தெரிந்துவிட்டால் மறுபெயின்ட் தவிர வழியில்லை. ரோட்டரிக்காரர்கள் முதலில் கெடுக்கும் இடம் இந்த விளிம்புகள்தான், டார்ச்சை அங்கே கொண்டுபோங்கள். பெயின்ட் உடையாத சின்ன டென்ட் இருந்தால் பட்டி, டிங்கரிங் வேண்டாம். உள்ளிருந்து கம்பியால் தள்ளி எடுக்கும் பெயின்ட் இல்லா டென்ட் வேலை செய்பவர்கள் சென்னையில் இருக்கிறார்கள்.

இப்போது காகிதம். தொலைபேசியில் எவ்வளவு திட்டினாலும் அதற்கு மதிப்பில்லை. டெலிவரி நாளிலிருந்து எத்தனை சீக்கிரம் எழுத்தில் போகிறதோ அத்தனை நல்லது. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின்படி, பொருளைப் பரிசோதிக்க நியாயமான வாய்ப்புக் கிடைக்கும்வரை வாங்கியவர் அதை ஏற்றுக்கொண்டதாகக் கருதப்பட மாட்டார். ஆனால் நியாயமான காலத்துக்குள் மறுப்புச் சொல்லாமல் வைத்திருந்தால் ஏற்றுக்கொண்டதாகிவிடும். இருட்டில் டெலிவரி கொடுத்தது இந்த இடத்தில் உங்களுக்குச் சாதகம். மின்னஞ்சலை டீலரின் ஜெனரல் மேனேஜருக்கும், நகலைக் கார் கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் அனுப்புங்கள். ஏறக்குறைய இப்படி:

“இன்ன தேதி மாலை 7 மணிக்கு, ஷோரூமுக்குள், சேசிஸ் எண் இன்னதைக் கொண்ட காரைப் பெற்றேன். மறுநாள் காலை இயற்கை வெளிச்சத்தில் கீழ்க்கண்டவற்றைக் கண்டேன்: பானெட், கூரையில் ரோட்டரி பஃபிங் தடங்கள், இடது பின்கதவின் பெயின்ட் தடிமன் 215 முதல் 240 மைக்ரான், கூரையில் 98 முதல் 104. படங்களும் வீடியோவும் இணைப்பில். டெலிவரிக்கு முன் இவை எனக்குத் தெரிவிக்கப்படவில்லை. இந்த சேசிஸ் எண்ணுக்கு விற்பனைக்கு முன் திறக்கப்பட்ட எல்லா ஜாப் கார்டுகளின் (வேலைப் பதிவுச் சீட்டு) நகல், பி.டி.ஐ. (டெலிவரிக்கு முந்தைய பரிசோதனை) தாள், வண்டி உங்களிடம் வந்தபோதான டிரான்சிட் சேதக் குறிப்பு ஆகியவற்றை 7 நாளுக்குள் தரவும். அதுவரை வண்டியில் எந்தப் பெயின்ட் வேலைக்கும் நான் சம்மதிக்கவில்லை.”

கோபம், பெரிய எழுத்து, சமூக ஊடக மிரட்டல் எதுவும் வேண்டாம். கடிதத்தின் கடைசி இரண்டு வாக்கியம்தான் வேலை செய்யும். வண்டி ட்ரெய்லரில் அடிபட்டு வந்திருந்தால் அதற்கு டிரான்சிட் இன்சூரன்ஸ் கோரும் காகிதம் எங்கோ ஒரு கோப்பில் இருக்கும். கேட்டாலே பலருக்குக் குரல் இறங்கும். படங்களில் ஒன்றிலாவது சேதமும் நம்பர் பிளேட்டும் ஒரே ஃப்ரேமில் வரவேண்டும், ஓடோமீட்டர் படம் ஒன்றும். டெலிவரி அன்று ‘திருப்திக் கடிதத்தில்’ கையெழுத்துப் போட்டிருப்பீர்கள், எல்லோரும் போடுகிறார்கள். அதனால் எல்லாம் முடிந்துவிடவில்லை.

என்ன கேட்பது? ஆர்.சி. உங்கள் பெயரில் விழுந்துவிட்ட பிறகு வேறு வண்டி கேட்டால் கிடைப்பது அரிது, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ரிஜிஸ்ட்ரேஷனுக்கு முன் என்றால் ‘வேறு சேசிஸ் கொடுங்கள், இல்லையேல் பணம்’ என்று நிற்கலாம், டீலருக்கு வண்டியை மாற்றுவது அப்போது வெறும் ஸ்டாக் மாற்றம். இப்போது உங்கள் நிலையில் நியாயமான கோரிக்கை மூன்று. பானெட்டும் கூரையும் நீங்கள் தேர்ந்தெடுக்கும் டீடெய்லரிடம், டீலர் செலவில். கதவு விற்பனைக்கு முன் பெயின்ட் செய்யப்பட்டது என்று எழுத்தில் ஒப்புதல். அதற்கான மதிப்பிழப்புக்குப் பணம். ‘ஃப்ரீ செராமிக் கோட்டிங்’, ‘எக்ஸ்டெண்டட் வாரண்டி’ என்று நீட்டுவார்கள். வாரண்டி கையெழுத்தோடு வந்தால் அதற்கு ஒரு மதிப்பு உண்டு. ஷோரூமில் போடும் செராமிக், கெட்ட பெயின்ட்டின்மேல் போட்ட கண்ணாடி மூடி. கோடுகளை அது அப்படியே பூட்டி வைக்கும்.

ஒரு பொறி: “இன்சூரன்ஸ் க்ளெய்ம் போட்டுக் கதவை மாத்திடலாம் சார், உங்களுக்கு ஒரு ரூபா செலவில்ல.” போடாதீர்கள். உங்கள் பாலிசி தொடங்குவதற்கு முன் நடந்த சேதத்தை நீங்கள் ஓட்டியபோது நடந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது பொய்க் க்ளெய்ம். அடுத்த வருடம் கிடைக்க வேண்டிய 20 சதவிகித நோ க்ளெய்ம் போனஸும் போகும். ‘சேதம் வாடிக்கையாளர் கையில் நடந்தது’ என்று டீலருக்கு நீங்களே சான்று எழுதிக் கொடுத்ததும் ஆகும்.

பாலிஷ் வேலை செய்யக் கொடுக்கும்போது கேட்க வேண்டியவை: ரோட்டரியா, டூயல் ஆக்‌ஷன் மெஷினா? டூயல் ஆக்‌ஷன் வேண்டும், அது சுழன்றபடியே ஆடுவதால் ஹாலோகிராம் விடாது. முதலில் இரண்டடிச் சதுரத்தில் டெஸ்ட் ஸ்பாட், மெல்லிய பேடும் மெல்லிய பாலிஷும் வைத்து. அது போதாதென்றால்தான் அடுத்த கடினத்துக்குப் போக வேண்டும். ஒவ்வொரு பகுதிக்கும் நாலைந்து பாஸ், பிறகு ஆல்கஹாலால் துடைத்து டார்ச்சில் காட்ட வேண்டும். தொடக்கத்திலும் முடிவிலும் கேஜ் எண் எழுதி வாங்குங்கள். நூறு சதவிகிதம் கோடு போக வேண்டும் என்று வற்புறுத்தாதீர்கள். கருப்பு நிறத்தில் எண்பது, எண்பத்தைந்து சதவிகிதத்தோடு நிறுத்திக் கிளியரைக் காப்பாற்றுவதுதான் புத்திசாலித்தனம்.

கதவைச் சரியாக மறுபடி அடிக்க வேண்டிவந்தால்: கைப்பிடி, பீடிங், மோல்டிங் எல்லாம் கழற்றித்தான் அடிக்க வேண்டும், டேப் ஒட்டி அல்ல. வண்டியில் குறித்துள்ள பெயின்ட் நிறக் குறியீட்டுக்குக் கலந்த நிறத்தை முதலில் ஒரு அட்டையில் அடித்து, கிளியர் போட்டு, வெயிலில் பக்கத்துப் பேனலோடு ஒப்பிட வேண்டும். மெட்டாலிக், பேர்ல் நிறமென்றால் பக்கத்துப் பேனலுக்குள் நிறத்தைக் கரைத்து விட வேண்டும். கிளியர் முழுப் பேனலுக்கும் விளிம்புவரை. பாதியில் தின்னர் போட்டுக் கரைத்த இடம் ஒன்றிரண்டு வருடத்தில் தழும்பாகத் தெரியும். அடித்த பிறகு குறைந்தது இரண்டு மாதம் அந்தக் கதவில் வாக்ஸ், செராமிக், பி.பி.எஃப். (பெயின்ட் பாதுகாப்பு ஃபிலிம்) எதுவும் வேண்டாம். இறுகாத பெயின்ட்டில் ஒட்டிய பி.பி.எஃப்.-ஐ எடுக்கும்போது பெயின்ட்டும் கூடவே உரிந்து வரும்.

ஏழு நாளில் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதியுங்கள். அது நீதிமன்றம் அல்ல, ஆனால் கம்பெனியின் மேல்மட்டத்துக்குக் கோப்பு போகும், பல பெயின்ட் விவகாரங்கள் அங்கேயே சமரசமாகின்றன. அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 50 லட்சம் வரை இருந்தால் அங்கேதான். நீங்கள் வசிக்கும் இடத்திலேயே போடலாம், சென்னைக்கு வடக்கு, தெற்கு என்று இரண்டு ஆணையங்கள் உண்டு. உங்கள் 13 லட்சத்துக்குக் கட்டணம் 400 ரூபாய். மனுவை நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலேயே தாக்கல் செய்யலாம். காலக்கெடு இரண்டு வருடம்.

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் உங்களுக்கு உதவும் இரண்டு இடம். வேண்டுமென்றே தகவலை மறைப்பது ‘சேவைக் குறைபாடு’ என்கிறது பிரிவு 2(11). பழுது நீக்கிப் புதுப்பித்த பொருளைப் புதுசு என்று காட்டுவது நியாயமற்ற வணிக முறை என்கிறது பிரிவு 2(47). மனுவைக் ‘கதவு மங்கல்’ என்று எழுதாமல் ‘மறைத்து விற்றார்கள்’ என்று எழுத வேண்டும். கார் கம்பெனியையும் எதிர்மனுதாரராகச் சேர்க்கலாம், ஆனால் எடையை டீலர்மேல் வையுங்கள். பழைய வருடத்து வண்டியைப் புதுசென்று டீலர் விற்ற வழக்கில், டீலரின் செயலுக்குக் கம்பெனி தானாகப் பொறுப்பாகாது, கம்பெனிக்கு அது தெரிந்திருந்தது என்று நிரூபிக்க வேண்டும் என்று 2021-இல் டாடா மோட்டார்ஸ் மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2006-இல் மாருதி வழக்கொன்றில், பாகத்தை மாற்றினால் தீரும் குறைக்கு முழு வண்டியை மாற்றச் சொல்ல முடியாது என்றும் சொல்லியிருக்கிறது. எனவே ‘புது கார் கொடு’ என்று மட்டும் கேட்காமல், சரிசெய்யும் செலவு, மதிப்பிழப்பு, மன உளைச்சல், வழக்குச் செலவு என்று தனித்தனியாகத் தொகை போடுங்கள். மதிப்பிழப்புக்கு வேறொரு ஒர்க்‌ஷாப்பின் எஸ்டிமேட்டும், லைசென்ஸ் பெற்ற மோட்டார் சர்வேயர் ஒருவரின் அறிக்கையும் இருந்தால் எண்ணுக்கு ஆதாரம் கிடைக்கும்.

குறையைக் கண்ணால் தீர்மானிக்க முடியாது என்று ஆணையம் நினைத்தால் பரிசோதனைக்கு அனுப்பலாம். அந்த நாள் வரும்வரை, அல்லது டீலர் கையெழுத்துப் போட்டுத் தரும்வரை, இடது பின்கதவில் யாரையும் கைவைக்க விடாதீர்கள். பானெட்டை வேண்டுமானால் ஆதாரம் எடுத்து முடித்த பிறகு உங்கள் செலவில் சரிசெய்துகொண்டு பில்லை வைத்துக்கொள்ளலாம்.